டீ ட்ரீ ஆயில்: பரு, பொடுகு, ஆவி, டிஃப்பியூசர் – எதற்கு எத்தனை சொட்டு?

மழைத்துளி (கேள்வி):
15 மி.லி. டீ ட்ரீ ஆயில் பாட்டில் ஒன்று கைவசம் இருக்கிறது. திறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, குளியலறை அலமாரியில்தான் கிடக்கிறது. முகப்பரு, பொடுகு, மூக்கடைப்புக்கு ஆவி, அறையில் வாசம் பரப்பும் டிஃப்பியூசர் என நாலுக்கும் பயன்படுத்தலாம் என்கிறார்கள். ஆனால் அளவு ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தண்ணீரில் 5 சொட்டு விட்டுப் பஞ்சால் முகத்தில் ஒற்றினால் அங்கங்கே சிவந்து எரிகிறது. "சுத்தமான எண்ணெய் என்றால் எரியத்தான் செய்யும்" என்பது சரியா? வீட்டில் நாலு வயதுக் குழந்தையும் ஒரு பூனையும் உண்டு.

அளவுகோல்:
எரிவது சுத்தத்துக்கு அடையாளம் இல்லை. தண்ணீரில் இந்த எண்ணெய் கரையாது, மேலே மிதக்கும். பஞ்சை முக்கினால் மிதக்கிற எண்ணெய் அப்படியே பஞ்சில் ஏறிவிடும். "5 சொட்டுதானே விட்டேன்" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் தோலில் பட்டது கிட்டத்தட்ட எதிலும் கலக்காத வெறும் எண்ணெய். அங்கங்கே மட்டும் சிவப்பதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். குளியல் தண்ணீரில் நேரடியாக விட்டாலும் இதே கதைதான்.

சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள். 1 மி.லி.க்கு 20 சொட்டு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மூடியின் துளையைப் பொறுத்து 30-ஐத் தாண்டவும் செய்யும். உங்கள் பாட்டிலிலிருந்து எத்தனை சொட்டு விழுந்தால் ஊசியில்லாத 1 மி.லி. சிரிஞ்ச் நிரம்புகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். எண்ணியதும் சிரிஞ்சைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிவிடும்.

பருவுக்கு 5% வரை போகலாம். 10 மி.லி. ஜோஜோபா எண்ணெயில் அரை மி.லி., அதாவது 20 சொட்டுக் கணக்கில் 10 சொட்டு. ஆனால் முதல் இரண்டு வாரம் 2%-ல் (4 சொட்டு) தொடங்குங்கள். பருவின் மேல் மட்டும், இரவில் ஒரு முறை. கண், உதட்டோரம் வேண்டாம். முகத்துக்குத் தேங்காய் எண்ணெயைக் கேரியராக (கலக்கும் அடிப்படை எண்ணெயாக) எடுக்காதீர்கள், சிலருக்குத் துளைகளை அடைத்துப் பருவைக் கூட்டிவிடும். கற்றாழை ஜெல்லில் கலப்பதென்றால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் உள்ளங்கையில் குழையுங்கள். டப்பா முழுக்கக் கலந்து வைத்தால் எண்ணெய் பிரிந்து ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும்.

வேகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5% டீ ட்ரீ ஜெல்லையும் பரு மருந்தான 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் வறட்சியும் எரிச்சலும் குறைவு.

பசுந்தழை:
மேலே சொன்னதெல்லாம் புது எண்ணெய்க்குப் பொருந்தும். உங்கள் பாட்டிலையே நான் சந்தேகப்படுவேன்.

இதில் உள்ள ஆல்ஃபா டெர்பினீன், காமா டெர்பினீன் போன்ற வேதிப்பொருள்கள் காற்று, வெளிச்சம், சூடு பட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிப்போகும். அப்போது உருவாகும் பெராக்சைடுகளும் அஸ்கரிடோலும்தான் தோல் ஒவ்வாமையை அதிகம் கிளப்புபவை.  நல்ல எண்ணெயில் பச்சைத்தழை வாசம் இருக்கும். கெட்டது பெயிண்ட் தின்னர் மாதிரி மூக்கில் குத்தும், சில நேரம் பிசுபிசுக்கும். திறந்து ஒரு வருஷம், அதுவும் குளியலறைச் சூட்டில் என்றால் வாசம் நன்றாக இருந்தாலும் தோலில் பூச வேண்டாம். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் புது எண்ணெய் பட்டாலும், டீ ட்ரீ சேர்த்த சோப்பு பட்டாலும் திரும்பத் திரும்ப வரும். மிச்சத்தை எண்ணி இந்த ஆபத்தை வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

புதிதாக வாங்கும்போது தாவரப் பெயர் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்று இருக்கிறதா பாருங்கள். டீ ட்ரீ எண்ணெய்க்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 4730-ன்படி டெர்பினென்-4-ஓல் 35%-க்குக் குறையக் கூடாது, 1,8-சினியோல் 10%-ஐத் தாண்டக் கூடாது. கிருமியை அடக்கும் வேலையைப் பெரும்பாலும் முதலாவதுதான் செய்கிறது. 10 மி.லி. பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் போதும். பெரிய பாட்டில் பாதி காலியானதும் உள்ளே பாதி காற்றுதானே.

தோலில் கொஞ்சம் பூசிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டைப் பலர் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்கள். அதில் தெரிவது எரிச்சல் மட்டும். ஒவ்வாமை தெரிய 1 முதல் 3 நாள்கூட ஆகும். முகத்துக்குக் கலக்கிய அதே கலவையை முன்கையின் உட்புறம் ஒரு சின்ன இடத்தில் காலை, மாலை என ஒரு வாரம் பூசுங்கள். அரிப்பு, சிவப்பு, சிறு கொப்புளம் எது வந்தாலும் அதோடு விட்டுவிடுங்கள்.

மூச்சுக்காற்று:
ஆவியும் டிஃப்பியூசரும்.

மூக்கடைப்புக்கு டீ ட்ரீ சரியான தேர்வே இல்லை என்பேன். ஆவி பிடிக்கும்போது மூக்கு திறந்த மாதிரித் தோன்றவைப்பது சினியோல். அது யூகலிப்டஸ் எண்ணெயில் ஏராளம். தரமான டீ ட்ரீயில் வேண்டுமென்றே குறைவு. ஆவியில் இதம் தருவதும் பெரும்பாலும் வெந்நீரின் ஈரப்பதம்தான். இருந்தும் வாசத்துக்காக வேண்டும் என்றால்: கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, அகலமான பாத்திரத்தில் மேசைமேல் வைத்து, 5 நிமிஷம் ஆறவிட்டு 1 சொட்டு. இரண்டுக்கு மேல் கூடாது. கண்ணை மூடி, முகத்தை ஒரு அடி தள்ளி வைத்து, 5 நிமிஷம். குழந்தைக்கு ஆவியே வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவதுதான் அதில் பெரிய ஆபத்து.

பூனை இருக்கும் வீட்டில் டிஃப்பியூசரில் இதை விடாதீர்கள். "கொஞ்சமாக விடலாமா" என்ற கேள்விக்கும் பதில் இதுதான். அதிர்வால் தண்ணீரைப் பனிபோல ஆக்கும் அல்ட்ராசோனிக் வகை எண்ணெயை நுண்துளிகளாகத் தெறிக்கவிடும். அது ரோமத்தில் படியும், பூனை நக்கி விழுங்கும். இந்தப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. நடுக்கம், எச்சில் ஒழுகுவது, தள்ளாட்டம் வரும். நாய்க்கும் இது நஞ்சுதான்.

செல்லப்பிராணி இல்லாத வீடுகளுக்கு: 100 மி.லி. தண்ணீருக்கு 3 சொட்டு, 20–30 நிமிஷம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆஸ்துமா இருப்பவர் அறையில் வேண்டாம். ஓடி முடிந்ததும் தொட்டியைத் துடைத்துவிடுங்கள், தேங்கும் எண்ணெய் பிளாஸ்டிக்கில் விரிசல் விழவைக்கும். காற்றில் பரப்பினால் வீட்டுக் கிருமியெல்லாம் செத்துவிடும் என்பது விளம்பரப் பேச்சு.

அளவுகோல்:
பொடுகைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. இதற்கும் தேங்காய் எண்ணெயில் கலக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். பொடுகுக்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்கு அந்தக் கொழுப்பு அமிலங்களே தீனி. ஷாம்பூவில்தான் கலக்க வேண்டும். 10 மி.லி. ஷாம்பூவுக்கு அரை மி.லி. (5%), தலையில் 3 நிமிஷம் ஊறவைத்து அலசவும். 2002-ல் வெளியான, 126 பேர் கலந்துகொண்ட ஆய்வில், 5% டீ ட்ரீ ஷாம்பூவை இப்படித் தினமும் 4 வாரம் போட்டவர்களுக்குப் பொடுகின் தீவிரம் 41% குறைந்தது. மருந்தில்லாத ஷாம்பூ போட்டவர்களுக்கு 11%. பாட்டில் முழுக்க ஊற்றிக் கலக்க வேண்டாம், ஷாம்பூ நீர்த்துப்போகும்.

மழைத்துளி:
பாட்டிலைத் தூக்கிப்போடுகிறேன். சிங்க்கில் ஊற்றலாமா? சேற்றுப்புண்ணுக்கும் இது கேட்குமா?

பசுந்தழை:
சிங்க்கில் வேண்டாம், நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. மூடியை இறுக்கி, அபாயக் கழிவு எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

சேற்றுப்புண்ணுக்கு 10% கிரீம் அரிப்பையும் உரிதலையும் குறைத்தது, பூஞ்சையை ஒழிக்கவில்லை. 25%, 50% என்று போனால் குணம் கூடுகிறது, தோல் அழற்சியும் சிலருக்கு வருகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி கிரீமே சுலபம்.

மூச்சுக்காற்று:
புதுப் பாட்டில் வாங்கினால் பூட்டி வையுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 10 மி.லி.க்கும் குறைவாகக் குடித்தே நடக்க முடியாமல் தள்ளாடி, குழப்பமும் தூக்கக் கலக்கமும் அடைந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. வாயில் போய்விட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிஷமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.