ப்ரீஆம்ப் பாசிவா, ஆக்டிவா? ஒலி மந்தமாக இருக்கிறது, உதவுங்கள்

குடமுருட்டி: நாளை காலை சென்னை போகிறேன், அதற்குள் முடிவு தெரிய வேண்டும். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் இருக்கிறது. அதற்கு முன்னால் வைக்கும் ப்ரீஆம்ப் வாங்காமல், ஒரு டப்பாவில் வால்யூம் கன்ட்ரோலை மட்டும் வைத்து நானே பாசிவாக, அதாவது கரண்ட் இணைப்பு இல்லாமல், செய்தேன். பாடுகிறது, ஆனால் கம்பளி போர்த்தியதுபோல் இருக்கிறது. ஜால்ரா சத்தத்தையே காணோம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில், கரண்டில் ஓடும் ஆக்டிவ் ப்ரீஆம்ப் வாங்கிவிடட்டுமா?

அரசலாறு: கன்ட்ரோல் எத்தனை ஓம்? எதிலிருந்து பாட்டு வருகிறது? ரெக்கார்டு பிளேயர் என்றால் பாசிவ் பேச்சே கிடையாது. ஊசி தருவது 5 மில்லிவோல்ட் சுற்றில்தான். அதற்குத் தனியாக போனோ ஆம்ப் வேண்டும்.

உப்புக்காற்று: எல்லாம் மின்சாரக் கோளாறு. குறுவை நடவுக்கு மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் இரவில் வோல்டேஜ் 180ஐத் தாண்டுவதில்லை. ஸ்டெபிலைசர் வையுங்கள்.

அரசலாறு: வோல்டேஜ் குறைந்தால் ஜால்ரா மட்டும் எப்படி மறையும்?

ஓம்விதி: இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எண்ணவே அலுப்பாக இருக்கிறது. சிடி பிளேயர் 2 வோல்ட் தருகிறது. பெரும்பாலான பவர் ஆம்புகள் 1 முதல் 1.5 வோல்ட்டிலேயே முழுச் சக்தியைத் தொட்டுவிடும். பெருக்கத் தேவையில்லாத இடத்தில் எதற்குப் பெருக்கி? படிக்காமல் கடைக்கு ஓடுகிறவர்களால்தான் ரிச்சி தெரு பிழைக்கிறது.

தவில்பிரியன்: என்ன கேட்கிறார் என்றே சொல்லவில்லையே. நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் அது 78 சுற்று இசைத்தட்டு. அவர் மறைந்தது 1956இல். அந்தக் காலத் தட்டில் பதியாத உச்ச ஒலியை எந்த ப்ரீஆம்பும் வரவழைக்காது. தவிர, நீளமான நாதஸ்வரமான பாரி நாயனம் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

ஆச்சாமரம்: பாரியை மந்தம் என்று சொல்லாதீர்கள் அண்ணே. குட்டை நாயனமான திமிரியைவிட நீளம், சுருதி தாழ்ந்தது, அவ்வளவுதான். நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டையில் பழைய வீட்டு உத்தரத்து ஆச்சா மரத்தில் கடைந்த பாரியை நேரில் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

தவில்பிரியன்: நான் கேட்காத பாரியா தம்பி?

குடமுருட்டி: மன்னிக்கவும், கரண்ட் போய்விட்டது. சிடி பிளேயர்தான். கேட்பது புதிய பதிவு. கன்ட்ரோலில் பி100கே என்று எழுதியிருக்கிறது. டப்பா என் சாய்வு நாற்காலி பக்கத்தில், ஆம்ப் எதிர்ச்சுவரோரம், நடுவே மைக் செட் கடையில் வாங்கிய 8 மீட்டர் வயர். முழுதாகத் திருப்பினால் ஜால்ரா கேட்கிறது, ஆனால் தெருவே எழுந்துவிடுகிறது.

அரசலாறு: அந்த 8 மீட்டரை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! 100 கிலோஓம் கன்ட்ரோல் நடுவில் நிற்கும்போது வயரின் பார்வைக்கு அது 25 கிலோஓம் மின்தடை. ஆம்பின் உள்ளீடு வழக்கமான 47 கிலோஓம் என்றால் இரண்டும் பக்க இணைப்பில் சேர்ந்து 16 ஆகும். மைக் வயரின் மின்தேக்கம் மீட்டருக்கு 150 பிகோபேரட் என்றே வைத்தாலும் மொத்தம் 1,200. இந்தத் தடையும் தேக்கமும் சேர்ந்து உச்ச ஒலியை வடிகட்டிவிடும். 8,000 ஹெர்ட்ஸ் சுற்றிலேயே 3 டெசிபல் போய்விடும், மேலே போகப் போக இன்னும் சரியும். ஜால்ரா அங்கேதான் இருக்கிறது. முழுதாகத் திருப்பினால் கன்ட்ரோலின் தடை குறுக்கே நிற்பதில்லை, அதனால் தெளிகிறது. 10 கிலோஓம் கன்ட்ரோல் போட்டால் இதே வயரோடு 50,000 ஹெர்ட்ஸ் வரை கவலையில்லை.

ஓம்விதி: ஆக, ஆக்டிவ் தேவையில்லை என்று நான் சொன்னதுதான்.

அரசலாறு: ஐயா, வயரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 100 கிலோஓமை மாற்ற மனமில்லை என்றால் பஃபர் ஒன்று வேண்டியிருக்கும். என்ஈ5532 ஐசி ஒன்று போதும். அது பெருக்காது, வயரைத் தள்ளும். அதுவும் ஆக்டிவ்தான்.

ஓம்விதி: பஃபரை ப்ரீஆம்ப் என்று சொல்கிறவர்களோடு நான் வாதிடுவதில்லை.

உப்புக்காற்று: ஸ்டெபிலைசர் இருந்தால் எதற்கும் நல்லதுதானே.

குடமுருட்டி: டப்பாவை ஆம்ப் பக்கத்துக்கு நகர்த்தி 1 மீட்டர் வயர் போட்டேன். ஜால்ரா வந்துவிட்டது. சத்தம் குறைக்க நாற்காலியை விட்டு எழ வேண்டியிருக்கிறது. பஸ் வந்துவிட்டது, நன்றி.

ஆச்சாமரம்: எந்தப் பதிவு, பாரியா திமிரியா என்று சொல்லாமலே போய்விட்டாரே.