புதுப்பிப்பு: நம் சிற்றலைக் குழு ஏன் அமைதியானது?

சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்கும் நம் குழுவில் பேச்சே குறைந்துவிட்டதே, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்கள் நான்கு பேர்தான். அதனால் பழைய உறுப்பினர்கள் சிலரை நானே தொலைபேசியில் அழைத்துப் பேசினேன்.

சண்டை, மனத்தாங்கல் எதுவும் இல்லை. கேட்க நிலையங்கள் குறைந்துவிட்டன. கனடா வானொலியின் சிற்றலை 2012-ல் நின்றது. ஆஸ்திரேலியா 2017 ஜனவரியில் நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரல் 30-ல் பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் முடிந்தது. 1941 முதல் ஒலித்த குரல் அது. அதன் பிறகு வானொலிப் பெட்டியைத் தொடவே மனம் வரவில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள். எனக்கும் அந்த வலி இன்னும் ஆறவில்லை.

நான் எண்ணிப் பார்க்காத காரணம் இரைச்சல். எல்இடி விளக்கு, மலிவான சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து 31 மீட்டர் சிற்றலை வரிசையைக் கரகரப்பாக்கிவிடுகின்றன. மதுரை நண்பர் மொட்டை மாடியில் கட்டிய ஆன்டெனா கம்பியையே அவிழ்த்துவிட்டார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேட்டரியில் கேட்டுப் பாருங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார்: நியூசிலாந்து வானொலி மெலிதாகக் கிடைத்ததாம்! அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை எப்படி எழுதுவது?

சூரியனில் கரும்புள்ளிகள் கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சி 2024-ல் உச்சத்தை எட்டியது. அவை கூடும்போது சிற்றலை வெகுதூரம் போகும். தொலைதூர அலைகள் நன்றாக எட்டும் இந்தக் காலத்திலா நாம் ஒதுங்குவது?

ஞாயிறு இரவு 8 மணிக்கு ஐந்து பேர் ஒன்றாகக் கேட்கப்போகிறோம். கேட்டதை அன்றே குழுவில் எழுதுவோம். நீங்களும் வாருங்கள்.