ஓவிய வகுப்பில் டேப்லெட்டும் தாளும்: எதை எதற்கு முன் வைப்பது?

கரிக்கோடு (கேள்வி)

வணக்கம். நான் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு ஓவியம் கற்பிக்கிறேன். மூன்று பேருக்கு ஒரு டேப்லெட் என்ற அளவில் இப்போது கருவிகள் கிடைத்துள்ளன. பென்சில், கரித்துண்டு, நீர்வண்ணம் ஆகியவற்றைக் கைவிடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்தும்போது ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குப் போய்ச் சேருவதில்லை. டேப்லெட்டில் முகம் வரையச் சொன்னால், பலர் திரையைப் பெரிதாக்கிக்கொண்டு ஒரு கண்ணின் இமைமயிர்களை ஒவ்வொன்றாக வரைந்து முடிக்கிறார்கள். பிறகு சுருக்கிப் பார்க்கும்போது அந்தக் கண் பாதி நெற்றியில் ஏறி நிற்கிறது. தாளுக்குத் திரும்பினாலோ, முதல் கோடு பிசகியதுமே அண்டூ (கடைசியாகச் செய்ததை ஒரே தட்டலில் நீக்கும் வசதி) இல்லையே என்று தாளைக் கசக்கிவிடுகிறார்கள். ஒரே ஓவியத்துக்குள் இரண்டையும் இணைத்து நடத்துபவர்கள் எந்த வரிசையைப் பின்பற்றுகிறீர்கள்? எதைப் பார்த்து மதிப்பெண் இடுகிறீர்கள்?

தூரிகைப்பெட்டி

நான் பின்பற்றும் வரிசை தாள், டேப்லெட், மீண்டும் தாள் என்பதே. அமைப்பும் அளவுகளும் பென்சிலில், முழுத்தாளில் முடிய வேண்டும்; தாளைப் பெரிதாக்க முடியாது என்பதே அங்கே நல்ல ஆசிரியராக இருக்கிறது. அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலிருந்து புகைப்படம் எடுத்துச் செயலியில் ஏற்றச் சொல்வேன். அந்தப் புகைப்படம் உள்ள லேயரின் (கண்ணாடித் தாள் போல ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கின்) கலப்பு முறையை மல்டிப்ளை என்று மாற்றினால், தாளின் வெண்மை மறைந்து பென்சில் கோடு மட்டும் நிற்கும். அதன் அடியில் வேறொரு லேயரைத் திறந்து நிறத்தைப் பரப்பினால் கோடு கெடாது. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருந்தால் மறுபக்கம் சாம்பல் படலம் தங்கிவிடும் என்பதால், முதலில் வெளிச்ச அளவைச் சரிசெய்துகொள்வது நல்லது.

ஒரே படத்துக்கு இரண்டு மூன்று நிறத் திட்டங்களைப் போட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அசல் தாளிலேயே நீர்வண்ணம் தீட்டுவதுதான் கடைசிக் கட்டம். கோட்டுப்படத்தை அச்சிட்டு அதன்மேல் தீட்ட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சாய மை ஊற்றிய இங்க்ஜெட் அச்சு ஈரம் பட்டதும் கரைந்து நிறத்தில் கலந்துவிடும். லேசர் அச்சில் அந்தத் தொல்லை இல்லை.

ஈரத்தாள்

வரிசையை ஏற்கிறேன். ஆனால் நிறத் திட்டத்தை டேப்லெட்டில் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலான செயலிகள் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒளி எண்களாகவே (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை) கணக்கிடுகின்றன. முழு மஞ்சளின் மேல் முழு நீலத்தைப் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள். மூன்று எண்களும் ஏறத்தாழ 127 ஆகி, கிடைப்பது வெறும் சாம்பல். நீர்வண்ணத்திலோ, மஞ்சள் நிறமி நீல ஒளியையும் நீல நிறமி சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொள்வதால், மிஞ்சுவது பச்சை. திரையில் கலந்து பழகிய பிள்ளை தட்டில் கலக்கும்போது குழம்புவதில் வியப்பென்ன?

இன்னொன்று, வேலையின் போக்கே தலைகீழானது. டேப்லெட்டில் கடைசியாக ஒரு லேயரைத் திறந்து வெள்ளையை வைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள். எந்த இடத்தை நனைக்காமல் விடப்போகிறோம் என்று தூரிகையைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஆகவே என் வகுப்பில் டேப்லெட்டின் பங்கு நிழல் வெளிச்சத் திட்டத்தோடு நின்றுவிடுகிறது. வெண்மை, நடுச்சாம்பல், கறுப்பு என்ற மூன்றே அழுத்தங்களில் படத்தைப் பிரிக்கச் சொல்கிறேன். வெண்மையாக நிற்கும் இடங்களே தாளில் காத்துக்கொள்ள வேண்டியவை என்பது பார்த்தவுடன் புரிந்துவிடுகிறது. நிறக் கலவையைத் தனியாக ஒரு துண்டுத் தாளில் சோதிக்கட்டும்.

கரிக்கோடு

மூன்று அழுத்தங்கள் என்ற யோசனையை எட்டாம் வகுப்பில் தொடங்கிப் பார்க்கிறேன். அண்டூ பழக்கமும் மதிப்பெண்ணும்தான் இன்னும் எஞ்சியிருக்கின்றன. செயலியைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

வெள்ளைத்தாள்

புரொக்ரியேட் என்ற ஓவியச் செயலி ஐபேடில் மட்டுமே இயங்கும். வகுப்பில் பலவகைக் கருவிகள் இருந்தால், ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் கிடைக்கும் ஐபிஸ் பெயின்ட் போன்ற ஒன்றை எடுப்பதே வசதி. ரப்பர் முனை கொண்ட சாதாரண ஸ்டைலஸ் (திரையில் வரையும் பேனா) அழுத்தத்தை உணராது. திரைக்கு அதுவும் ஒரு விரல்தான். கரித்துண்டைப் போல அழுத்தி வரையச் சொல்லிவிட்டு, கோடு தடிக்கவில்லையே என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

அண்டூவைத் தடை செய்வதைவிட, பிசகிய கோட்டை அழிக்காமல் அந்த லேயரை மங்கச் செய்து, மேலே புதிய லேயரில் திருத்தி வரையச் சொல்லுங்கள். தாளில் முதல் கோட்டை இலேசாகப் போட்டுவிட்டு அதன்மேல் அழுத்தித் திருத்துவதும் இதே வேலைதான் என்பதால், அந்தப் பழக்கம் தாளுக்கும் வந்து சேரும். மதிப்பெண்ணுக்கு, இவ்விரண்டு செயலிகளுமே வரையும் போக்கைக் காணொளியாகப் பதிவு செய்கின்றன. மாணவர் முழு உருவத்தை முதலில் அமைத்தாரா, இமைமயிரில் தொடங்கினாரா என்பது அதில் தெரிந்துவிடும். முடிந்த படத்தின் பளபளப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. அது பெரும்பாலும் செயலியில் உள்ள தூரிகைத் தொகுப்பின் திறமை.

இந்த விவாதங்களில் பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னியை யாராவது இழுத்து வருவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அவர் 2010 முதல் ஐபேடில் வரைந்தார் என்பது உண்மை. அதற்கு முன் பல பத்தாண்டுகள் தூரிகை பிடித்த கை அது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த எடுத்துக்காட்டு பொருந்தாது.

மூன்று பேருக்கு ஒரு கருவி என்பதைக் குறையாக எண்ண வேண்டாம்; ஒருவர் டேப்லெட்டில் இருக்கும்போது மற்ற இருவரும் தாளில் இருந்தாக வேண்டும், உங்களுக்கு வேண்டியதும் அதுவே. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: கருவி கைமாறுவதற்கு முன் கோப்பைச் செயலியின் சொந்த வடிவத்தில் சேமிக்க வேண்டும். ஜேபெக் படமாக மட்டும் எடுத்துவைத்தால் லேயர்கள் ஒன்றாகிவிடும். அடுத்த வகுப்பில் பென்சில் கோட்டைத் தனியே பிரிக்க வழியிருக்காது.