புயலுக்கு முன்னாடி உங்க பில்டிங்ல, தெருவுல என்ன பண்ணீங்க? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

வண்ணாரப்பேட்டை 24 வீடு:
டிசம்பர் வந்தாலே எனக்கு இது ஞாபகம் வந்துடுது, யார்கிட்டயாவது சொல்லணும். மிக்ஜாம் புயல் அப்போ, 2023 டிசம்பர் 3, ஞாயித்துக்கெழமை. பழைய வண்ணாரப்பேட்டை, நான் எங்க அசோசியேஷன்ல பொருளாளர். மத்தியானத்துலேருந்து எல்லாரும் எறங்கி வேலை பாத்தோம், மொட்டை மாடியில தண்ணி போற ஓட்டையெல்லாம் குத்தி விட்டு, பூத்தொட்டிய கீழ எறக்கி, லிப்ட மூணாவது மாடிக்குக் கொண்டு போய் ஆஃப் பண்ணி, காரையெல்லாம் மிண்ட் மேம்பாலத்துல விட்டுட்டு வந்தோம், டூவீலர் மட்டும் 31, பசங்க ஒண்ணொண்ணா தூக்கி வராண்டாவுல ஏத்துனாங்க. எல்லாமே வாட்ஸ்அப் குரூப்ல போட்டுப் போட்டுத்தான் நடந்துச்சு. ராத்திரி கரண்ட நிறுத்திட்டாங்க. ரெண்டரை மணி இருக்கும், மீட்டர் போர்டு என்னாச்சுன்னு டார்ச்ச எடுத்துட்டு எறங்கறேன், கடைசி ரெண்டு படியக் காணோம், தண்ணி. கீழ் வீட்டுக் கதவு தொறந்திருக்கு. அங்க வாடகைக்கு இருக்கற ஆயா, எழுபதுக்கு மேல வயசு, தனி ஆளு, முட்டி அளவு தண்ணியில நிக்கறாங்க, தலையில அரிசி டப்பா, கையில ரேஷன் கார்டு போட்ட மஞ்சப்பை. அவங்க வச்சிருக்கறது பட்டன் போனு. குரூப்ல இருக்கறது வீட்டு ஓனர், அவரு இருக்கறது வேற ஊர்ல. என்னப் பாத்ததும் ஆயா கேட்டது, "வண்டிங்கள எல்லாம் ஏத்திட்டீங்களாப்பா, நனைஞ்சிடப் போவுது." குத்திக் காட்டல. நெஜமாவே வண்டிக்காகத்தான் கேட்டாங்க. அந்த 31 வண்டியத் தாண்டித்தான் நாங்க அவங்க கதவுக்கே போக முடியும், சாயங்காலம் முழுக்க அந்தக் கதவு முன்னாடிதான் நின்னுட்டு இருந்தோம்.

திருவொற்றியூர் மேற்கு:
அண்ணா படிச்சதும் மனசு கஷ்டமாயிடுச்சு. எங்களுக்கும் அதே புயல்தான். வாசல்ல மணல் மூட்டை மூணு அடுக்கு போட்டு, ஓரத்துல களிமண்ணு அப்பி, ஜம்முன்னு வச்சிருந்தோம். தண்ணி வாசல் பக்கமே வரல, பாத்ரூம் ஓட்டையிலேருந்து பொங்கி வந்துச்சு. அதுவாவது வெறும் தண்ணியா இருந்திருந்தா கழுவி விட்டிருக்கலாம். பக்கிங்காம் கால்வாய்ல எண்ணெய் கலந்து ஏரியா முழுக்க வந்துச்சே, எல்லாருக்கும் தெரியும். வடிஞ்சப்பறம் சுவத்துல இடுப்பு உசரத்துக்கு கறுப்பா கோடு, அதக் கூட சுண்ணாம்பு அடிச்சு மறைச்சுட்டோம். ஆனா தரைக்கடியில தண்ணி சேத்து வைக்கற சம்ப் மூடியத் தொறந்து கைய விட்டேன் பாருங்க, முழங்கை வரைக்கும் கறுப்பு, சீக்கா பவுடர் போட்டுத் தேச்சாலும் போவல. பக்கத்துல எம் பொண்ணு சொம்ப வச்சுகிட்டு குடிக்கத் தண்ணின்னு நிக்குது. மூட்டைக்கு அவ்ளோ பாடுபட்டேன், சம்ப் மூடிய ஒரு தார்ப்பாய் போட்டு இறுக்கணும்னு தோணவே இல்ல.

காசிமேடு:
மிக்ஜாம் நம்ம ஊர்ல கரையே ஏறல, கடலோடயே போயி ஆந்திராவுல பாபட்லா கிட்ட 5ஆம் தேதி ஏறுச்சு. அதுக்கே இந்தப் பாடு. கடல் மட்டம் தூக்கிட்டு நின்னா கால்வாய் தண்ணி எங்க போவும், திரும்பித் தெருவுக்குத்தான் வரும். நான் சொல்றது வர்தா, 2016 டிசம்பர் 12. அதுதான் நம்ம தலை மேலயே ஏறுனது. ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்துனதும் பைபர் போட்டயெல்லாம் இழுத்து மேல ஏத்தி, இஞ்சினக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சு, லாஞ்சுங்கள ஒண்ணோட ஒண்ணு மோதாம டயர் கட்டி வுட்டோம். கடல் பக்கம் எங்களுக்கு எதுவும் பாக்கி இல்ல. காலையிலேருந்து வாடைக் காத்து, வடக்குலேருந்து அடிச்சுத் தள்ளுது. சாயங்காலம் திடீர்னு நின்னுபோச்சு. அமைதின்னா அப்படி ஒரு அமைதி, வெளிச்சம் கூட வந்துச்சு. தெருவே வெளிய வந்துடுச்சு, புள்ளைங்க வுழுந்த கெளையில ஏறி ஆடுதுங்க. எங்க பெரியப்பா மட்டும், "உள்ள போங்கடா, இது புயலோட கண்ணு, இன்னும் பாதி இருக்கு"ன்னு கத்திகினே தெருவுல ஓடறாரு, யாரும் கேக்கல. எந் தம்பி மொட்டை மாடிக்குப் போயி சின்டெக்ஸக் கட்ட ஆரம்பிச்சான், வடக்குப் பக்கம் ரெண்டு கயிறு. அப்ப தெக்கேருந்து அடிச்சுது பாருங்க. டேங்கு அவன் தோள்ல இடிச்சுட்டு அப்படியே பறந்துச்சு. தோள்பட்டை எறங்கிப்போச்சு, இன்னிக்கும் வலையத் தூக்கி வீச முடியல அவனால. பெரியப்பா கத்துன சத்தம்தான் எனக்குக் காதுல இருக்கு.

கொடுங்கையூர்:
காசிமேடு நண்பரே, டேங்கு காலியா இருந்திருக்கும், அதான் பறந்துச்சு. கயிறு ரெண்டாவது விஷயம். 1000 லிட்டர் டேங்கு நெறம்பி இருந்தா ஒரு டன்னு, காத்து லேசுல அசைக்காது. கரண்ட் போறதுக்கு முன்னாடியே மோட்டார் போட்டு நிரப்பிடணும். முதல்ல எழுதுனவருக்கும் ஒண்ணு சொல்லணும், கரண்ட நிறுத்திட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க, அது நல்லதுக்குத்தான். தெருவுல இருக்கற கரண்ட் பில்லர் பாக்ஸ் தண்ணியில முழுகுனா அந்தத் தண்ணியில கால வச்சவன் செத்தான். நீங்க ரெண்டரை மணிக்கு மீட்டர் போர்டு பாக்கத் தண்ணியில எறங்குனதே தப்பு, கரண்ட் இல்லன்னா கூட யார் வீட்டு இன்வெர்ட்டர் ஓடுதோ தெரியாது. மெயின ராத்திரிக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிடணும், மீட்டர் போர்ட தலை உசரத்துக்கு ஏத்தச் சொல்லி எழுதிக் குடுங்க. அப்பறம் பாத்ரூம் ஓட்டைக்கு, பிளாஸ்டிக் கவர்ல துணியச் சுத்தி அடைச்சு மேல மணல் மூட்டை, லெட்ரின் கோப்பைக்கும் அதே மாதிரி. மரக்கெளைய காஞ்ச காலத்துலயே மாநகராட்சி நம்பர் 1913க்குப் போன் பண்ணி வெட்டச் சொல்லணும், கூண்டு ஏத்துனப்பறம் எவன் வருவான். அந்தக் கூண்டு நம்பரையும் தெரிஞ்சுக்கோங்க, 10ன்னா துறைமுகத்து மேலயோ ரொம்ப கிட்டயோ புயல் ஏறப்போவுதுன்னு அர்த்தம். 11ன்னா அதவிடப் பெருசுன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, அது இல்ல, வானிலை ஆபீஸோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். தண்ணி வடிஞ்சதும் சம்ப்ப எறைச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாம குடிக்கக் கூடாது. வர்தாவுல எனக்கு ஜன்னல் கண்ணாடி ஒடைஞ்சுது, அவ்ளோதான்.

திருவொற்றியூர் மேற்கு:
பிளீச்சிங் பவுடர் எண்ணெய்க்கு ஒண்ணும் பண்ணாது சார். நாலு தடவை போட்டுப் பாத்துட்டோம். கடைசியில சம்ப் பூச்சையே கொத்திட்டுப் புதுசாப் பூசுனோம்.

பெரம்பூர் பி பிளாக்:
அண்ணா சொன்னது ஆயாவப் பத்தி, நீங்க மீட்டர் போர்டுக்குப் போயிட்டீங்க கொடுங்கையூர் சார். எங்க பிளாக்ல சர்க்கரை ஊசி போடற தாத்தா ஒருத்தர், மூணு நாள் பிரிட்ஜ் ஓடல, மருந்தக் குளிர்ச்சியா வைக்கணும்னு யாருக்கும் தோணல. மூணாவது நாள் அவரு பையன் வாசல்ல வந்து நின்னு, ஒண்ணும் பேசாம, கையில மருந்து வைக்கற காலி ஐஸ் டப்பாவ வச்சுகிட்டு இருந்தான். தாத்தா பொழைச்சுட்டாரு. வண்ணாரப்பேட்டை அண்ணா, ஆயா இப்ப எப்படி இருக்காங்க?

வண்ணாரப்பேட்டை 24 வீடு:
நல்லா இருக்காங்க. கொடுங்கையூர் சார் சொன்னது சரிதான், நான் எறங்குனது தப்பு, ஆனா எறங்கலன்னா அவங்கள யாரு பாத்திருப்பாங்கன்னும் தோணுது. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல படுக்க வச்சோம், விடியற வரைக்கும் மஞ்சப்பையக் கைய விட்டு எடுக்கல. மேல காலி வீடு வந்தப்ப கேட்டுப் பாத்தேன், முட்டி வலி, படி ஏற முடியாதுப்பான்னுட்டாங்க. தண்ணி வடிஞ்சதும் கட்டில் கால் நாலுக்கும் மூணு மூணு செங்கல் வச்சுக் குடுத்தோம். பொங்கலுக்கு சுத்தம் பண்ணப்ப எடுத்துடட்டுமான்னு கேட்டேன், இருக்கட்டும்பான்னாங்க. இன்னும் அப்படியேதான் இருக்கு, ஏறிப் படுக்கறதுக்கு ஒரு முக்காலி போட்டிருக்காங்க.