ஐயாவின் பிஸ்கட் டப்பாவில் இருந்த பழைய காசுகள்: விற்பதற்கு முன் மதிப்பை எப்படித் தெரிந்துகொள்வது?

தேவகோட்டை_வீடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஐயா (அப்பாவைப் பெற்றவர்) போன வருடம் தவறிவிட்டார். அவருடைய அப்பா ரங்கூனில் கடையில் இருந்தவர், ஐயா மலாயாவில் ஈப்போவில் பத்து வருடம் கணக்குப் பார்த்தவர். வீட்டை ஒழுங்குபண்ணும்போது பெட்டகத்துக்குள் ஒரு பிஸ்கட் டப்பாவும் ஒரு சுருக்குப்பையும் கிடைத்தன, இரண்டிலும் காசுகள். உட்கார்ந்து எண்ணினேன், 140-க்குக் கொஞ்சம் மேல் வருகிறது. வெள்ளி ஒரு ரூபாய் மட்டும் 62, விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் எல்லாம் இருக்கின்றன, அதில் 1940 முதல் 1945 வரை உள்ளவை 14. மலாயாப் பக்கத்து டாலர் 5, அப்புறம் மிளகாய் விதை மாதிரி சின்னச் செம்புக் காசுகள் ஒரு கைப்பிடி, ராமர் சீதை போட்ட ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818 காசு ஒன்று, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுகள் ஒரு கட்டு.

பக்கத்து ஊர் வெள்ளிக்கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு காசைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் தராசில் கொட்டி எடை போட்டு ஒரு தொகை சொன்னார். யூடியூபில் பார்த்தால் ஒரு காசுக்கே பத்து லட்சம் என்கிறார்கள். எது உண்மை? அப்பாவும் அத்தையும் சித்தப்பாவும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், பின்னால் யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்பதுதான் என் கவலை. சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார், தான் எடுத்துப்போய் அங்கே விற்றுத் தருவதாகச் சொல்கிறார். அம்மா நான்கு காசை விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார், மீதியைப் புளி போட்டு ஊறவைக்கலாமா என்று கேட்கிறார்.

பழங்காசு:

முதலில் அம்மாவைத் தடுத்து நிறுத்துங்கள். விபூதி, புளி, எலுமிச்சை, பிராஸோ எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு அது கேடு. நூறு வருடத்தில் வெள்ளியின் மேல் படிந்த அந்தக் கருமையைத்தான் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள், தேய்த்த காசின் மேல் மெல்லிய கீறல்கள் விழுந்துவிடும், லென்ஸில் பார்த்தவுடனே தெரியும், விலை பாதியாகக்கூட இறங்கிவிடும். நான்கோடு போகட்டும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம், நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து அடிமட்ட விலை. இதற்குக் கீழே யாருக்கும் கொடுக்கக்கூடாது என்ற கோடு. பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் 11.66 கிராம். 1939 வரை 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது காசுக்கு ஏறக்குறைய 10.7 கிராம். 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். உங்கள் 62-இல் பழையது 48, அதற்கு 513 கிராம், மற்ற 14-க்கு 81 கிராம் சொச்சம், ஆக ஏறத்தாழ 595 கிராம் சுத்த வெள்ளி (தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்). விற்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள், கடைக்காரர் சொன்ன தொகை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த 62-இல் பெரும்பாலானவை வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம்தான் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன். கோடிக்கணக்கில் அடித்த காசுகள் அவை. ஆனால் நாலைந்து காசு மொத்தத்துக்கும் சமமாக நிற்கலாம், அவற்றைத்தான் தராசில் கொட்டுமுன் பிரித்தெடுக்க வேண்டும். 1911 ஜார்ஜ் இருக்கிறதா பாருங்கள். அரசர் அங்கியில் போட்டிருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, திரும்ப வாங்கி உருக்கி, 1912-இல் படத்தைத் திருத்தி அடித்தார்கள். இன்றும் அதைப் பன்றி ரூபாய் என்றுதான் சொல்கிறோம், மற்ற ஜார்ஜ் காசுகளைவிட நல்ல விலை உண்டு. 1939 என்று ஒன்று இருந்தால் மூச்சு விடாதீர்கள், அது மிக அரிது, அதனாலேயே போலியும் நிறைய, நல்ல ஆளிடம் காட்டாமல் கை மாற்றாதீர்கள். 1862 விக்டோரியாவைச் சாதாரணம் என்று ஒதுக்காதீர்கள். அந்த ஆண்டையே மாற்றாமல் 1874 வரை அடித்தார்கள், எண்ணுக்கு மேலும் கீழும் இருக்கும் புள்ளிகளை எண்ணித்தான் எது எப்போது அடித்தது என்று பிரிப்பார்கள், சில வகைகள் கிடைப்பது கஷ்டம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பின்பக்கம் அடியில் தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய் அக்கசாலையில் (காசு அடிக்கும் இடம்) அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா. அதையும் குறித்து வையுங்கள்.

ஒரு நோட்டில் ஆண்டு, அரசர், அக்கசாலைக் குறி, எடை, தேய்மானம் என்று எழுதி, இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பெயர் தெரியாத காசை நியூமிஸ்டா தளத்தில் தேடலாம். விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் உண்மையாகவே விற்ற தொகையைப் பாருங்கள். பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ், மும்பை தோடிவாலா போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏலங்களில் அது கிடைக்கும்.

நெல்லைக்காரர்:

என் கதையையும் சொல்கிறேன், யாராவது ஒருவருக்கு உதவட்டும். 2019-இல் அப்பா விட்டுப்போன காசுகளை விற்க ஒரு வியாபாரி வீட்டுக்கே வந்தார். பொறுமையாகப் பார்த்தார், காப்பி குடித்தார், ஒன்பது காசை மட்டும் எடுத்துக்கொண்டு இவை போதும் என்றார், நானும் கையில் வந்த பணத்தைப் பெரிதாக நினைத்துக் கொடுத்துவிட்டேன். மீதியை இன்னொருவரிடம் கொண்டுபோனபோதுதான் நல்லதெல்லாம் போய்விட்டது என்று தெரிந்தது. படம்கூட எடுத்து வைக்கவில்லை, என்ன கொடுத்தேன் என்றே இன்று வரை தெரியாது, அதுதான் ரொம்ப வலிக்கிறது. அதனால் யாரையும் பொறுக்கவிடாதீர்கள். குறைந்தது மூன்று பேரிடம் தனித்தனியாக விலை கேளுங்கள், மூவருக்கும் அதே பட்டியலைக் கொடுங்கள். சென்னைக்குப் போக முடிந்தால் மெட்ராஸ் காயின் சொசைட்டிக்காரர்களைத் தேடிப் பாருங்கள், நாணயக் கண்காட்சி நடக்கும்போது போனால் பல பேரிடம் ஒரே நாளில் காட்டிவிடலாம்.

யூடியூப் பத்து லட்சத்தை மறந்துவிடுங்கள். வைஷ்ணவி தேவி படம் போட்ட காசு, டிராக்டர் படம் போட்ட நோட்டு என்று சொல்லி, முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்று கேட்பார்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே ஏமாற்றினார்கள், 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரிக்கை அறிக்கை விட்டது. விற்பவன் முன்பணம் கட்டும் வியாபாரம் எங்கேயும் கிடையாது.

மலாயா_ஆர்வலர்:

டாலர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் பகுதி) 1903, 1904 டாலர் என்றால் பெரியது, 27 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 1907-இலிருந்து அளவைக் குறைத்துவிட்டார்கள், 20 கிராம் சொச்சம். இரண்டும் 90 சதவீத வெள்ளி. 1919 முதல் வந்தவை இன்னும் சிறியவை, பாதி வெள்ளி. பிரிட்டானியா (சூலம் பிடித்த பெண் உருவம்) நின்றுகொண்டிருக்கும் டாலர் இருந்தால் அதில் போலி அதிகம், பத்தரிடம் கொண்டுபோய்ச் சரியாக எடை போடுங்கள், காந்தமும் வைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒரு எச்சரிக்கை: 1947 புலி ரூபாய் நிக்கல், அது நல்ல காசாக இருந்தாலும் ஒட்டும், போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாழைமர நோட்டு ஜப்பான்காரன் ஆட்சியில் அளவில்லாமல் அச்சடித்தது, பெரிய விலை இல்லை, ஈப்போ நினைவாக வீட்டிலேயே இருக்கட்டும்.

1818 ராமர் காசு கம்பெனி அடித்ததே இல்லை. 1818 என்று போட்டு ராமர் படத்தோடு வருவதெல்லாம் பிற்காலத்தில் செய்த வில்லைகள். அந்தக் காசு அரிசியைத் தன் பக்கம் இழுக்கும், அதில் இரிடியம் என்ற விலை உயர்ந்த உலோகம் இருக்கிறது என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், போலீஸ் கேஸ் வரை போகிற விவகாரம் அது.

சித்தப்பாவிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது. உங்களிடம் இருப்பதில் பெரும்பகுதி அந்தக் கணக்கில் வரும். விமான நிலையத்தில் பிடித்தால் காசும் போகும், வழக்கும் வரும்.

சின்னச் செம்புக் காசில் ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருந்து மறுபக்கம் தெலுங்கில் எழுத்து இருக்கிறதா?

தேவகோட்டை_வீடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரியே நானும் அத்தையும் உட்கார்ந்து பிரித்தோம். 1911 இரண்டு இருக்கிறது! 1939 இல்லை. 1862 மூன்று, புள்ளிகளைக் கண்ணாடி வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். அம்மா தேய்த்த நான்கும் நல்லவேளை 1940-க்குப் பிறகு உள்ளவைதான். வெள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், கடைக்காரர் சொன்னது அதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேல். சித்தப்பாவிடம் பேசியாகிவிட்டது, புரிந்துகொண்டார்.

செம்புக் காசில் நீங்கள் சொன்னபடியே ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கு எழுத்து.

மலாயா_ஆர்வலர்:

அப்படியென்றால் அது புதுக்கோட்டை அம்மன் காசு. பிரகதாம்பாள், பின்னால் இருப்பது விஜய என்ற எழுத்து. நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துத் தானம் கொடுத்துவந்தார்கள் அந்தச் சமஸ்தானத்தில். ஒன்றுக்குப் பெரிய விலை வராது. எத்தனை இருக்கிறது, எழுத்து எதிலாவது வேறு மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அதை விற்காமல் மூன்று வீட்டுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் பூஜையில் வைக்கக் கொடுத்துவிடுங்கள்.

தேவகோட்டை_வீடு:

முப்பத்தாறு இருக்கிறது. ஆளுக்குப் பன்னிரண்டு.