[கலைச்சொல்] குளிர்காலத்துக்கு ஆர்.வி. வண்டியை ஒதுக்கி வைப்பதற்கு என்ன சொல்?

வண்டல் (மார்க்கம், கனடா):

குழுவினர்க்கு வணக்கம். பயணத்தில் தங்கும் வீடாகவும் இருக்கிற ஆர்.வி. வண்டிகளைக் குளிர்காலம் முழுவதும் கூரையடியில் நிறுத்திவைக்கும் ஓர் இடத்துக்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் விடுமுறையோடு ஒன்ராறியோவில் முகாம் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குமுன் வாடிக்கையாளர் கையில் இது இருக்கவேண்டும் என்பதால் செப்டெம்பர் 30 கெடு.

இரண்டு சொற்கள் தேவை. ஒன்று ‘விண்டரைசிங்’, குளிர்காலத்துக்கு வண்டியைத் தயார்செய்யும் வேலை. மற்றது ‘கவர்ட் ஸ்டோரேஜ்’, கூரையடியில் நிறுத்திவைப்பது. இப்போதைக்குக் ‘குளிர்காப்பு’, ‘கூரைக்காப்பு’ என்று எழுதியிருக்கிறேன். வண்டிக்கே என்ன பெயர் என்பதையும் சொன்னால் நல்லது.

குறிஞ்சி (கோவை):

குளிர்காப்பு நன்றாகவே இருக்கிறது. வெப்பக்காப்பு, மின்காப்பு என்று பாடநூல்களில் ஏற்கெனவே புழங்கும் வரிசையில் இதுவும் சேரும். வண்டிக்குக் ‘கேரவன்’ வேண்டாம். தமிழ்நாட்டில் அது படப்பிடிப்பில் நடிகர் தங்கும் வண்டி என்றாகிவிட்டது. இழுத்துச் செல்வதற்கு ‘இழுவை வீடு’ என்றும், தானே ஓடுவதற்கு ‘ஓட்டு வீடு’ என்றும் வைக்கலாமா?

மருதன் (மதுரை):

ஓட்டு வீடு என்றால் ஓடு வேய்ந்த வீடு. அது வேண்டாம். மற்றவற்றைப் பிறகு எழுதுகிறேன்.

சில்லு (சட்பரி, கனடா):

வண்டல் அக்கா, ‘குளிர்காப்பு’ என்று அச்சடிக்க வேண்டாம். அந்தச் சொல்லை நம்பினால் குழாய் வெடிக்கும்.

காப்பு என்றதும் வாசிப்பவருக்குப் போர்வையும் ஹீட்டரும்தான் நினைவுக்கு வரும். செய்யவேண்டிய வேலை அது அல்ல. வண்டிக்குள் இருக்கிற தண்ணீர் முழுவதையும் வெளியேற்றுவது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். பெக்ஸ் எனும் பிளாஸ்டிக் குழாய் ஓரளவு விரிந்து கொடுக்கும். அதன் மூட்டுகளும் பம்பின் தலையும் கழிப்பறை வால்வும் வெளி ஷவரின் பைப்பும் (திறப்புக் குழாயும்) கொடுக்காது. உறைந்து கிடக்கும்வரை வெடிப்பு தெரியாது. ஏப்ரலில் தண்ணீரைத் திறந்தபிறகுதான் சுவருக்குள் ஒழுகும். பலகை ஊறி உப்பியபின் கண்ணுக்குப் படும்.

‘கூரைக்காப்பு’ இன்னும் ஆபத்து. சூடேற்றாத கொட்டகைக்குள்ளும் கடைசியில் வெளியில் இருக்கிற குளிர்தான் இருக்கும். கூரை பனிப்பாரத்தைத் தாங்கும், வண்டியின் ரப்பர் கூரையையும் ரயரையும் வெயிலிலிருந்து மறைக்கும். உறைவதைத் தடுக்காது. இங்கே ஜனவரி இரவுகளில் −30 வரை இறங்கும். ‘காசு கட்டி உள்ளே விட்டாயிற்று, இனிக் காப்புத்தான்’ என்று ஒருவர் தண்ணீரை வடிக்காமல் விட்டால் பிழை அவர்மேல் இல்லை, சொல்லின்மேல்.

மருதன்:

சில்லு தம்பி சொல்வதற்கு இலக்கணமும் துணை நிற்கிறது. ‘பனிக்காப்பு’ என்று மாற்றினாலும் சிக்கல் தீராது. பனியிலிருந்து காப்பு என்று ஐந்தாம் வேற்றுமையாக விரிக்கலாம். ஆனால் சந்தனக்காப்பு, வெண்ணெய்க்காப்பு என்று கோயிலில் சொல்லும்போது சந்தனத்தால், வெண்ணெயால் சாத்துவது என்றுதானே பொருள்? அந்த வழக்கில் பனிக்காப்பு என்றால் வண்டிமேல் பனி சாத்தியிருக்கிறது என்றாகும்.

மேலும், பனி என்பது நம் இலக்கியத்தில் மார்கழி, தைக்குரிய முன்பனியும் மாசி, பங்குனிக்குரிய பின்பனியும். இந்த வேலை நடப்பது ஐப்பசியில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். தொல்காப்பியம் குறிஞ்சிக்கு வைத்த பெரும்பொழுது. ஆகவே சொல் ‘கூதிர்’ என்றே தொடங்கவேண்டும்.

பொழில் (புதுச்சேரி):

கூதிர் அருமை. ஆனால் உங்கள் எல்லாருடைய கண்ணுக்கும் எதிரே ஒரு வேர்ச்சொல் இருக்கிறது: உறை. உறைதல் என்றால் நீர் கட்டியாவது. உறை என்றால் மூடும் போர்வை. உறைதல் என்றால் தங்கி வாழ்வது. உறையுள் என்றால் வீடு. ஆக, வண்டி ‘உறைவண்டி’. வேலை ‘உறைகாப்பு’. இடம் ‘உறைகொட்டில்’. மூன்றும் ஒரே வேரில் முளைக்கின்றன. இப்படி வாய்ப்பது அரிது.

குறிஞ்சி:

உறைகாப்பா, உறைக்காப்பா? உறைவதிலிருந்து காப்பு என்பதை வல்லெழுத்து மிகாமல் எழுதுவீர்கள். போர்வையாகிய காப்பு என்பதற்கு ‘க்’ மிகும். ஒரு புள்ளியெழுத்தை நம்பி இரண்டு வேலைகளைப் பிரிக்க முடியாது.

வண்டல்:

பொழில் ஐயா சொன்னதைக் கையேட்டில் போட்டுப் பார்த்தேன். ‘உறைகாப்பு முடித்தபின் உறைவண்டிக்கு உறையிட்டு உறைகொட்டிலில் நிறுத்தவும், உறைகுழாய்களில் உறைதடுப்பு நீர்மம் உள்ளதா எனப் பார்க்கவும்.’ சத்தமாக வாசித்தால் அழகு. குளிரில் நின்றுகொண்டு ஒரு கையில் ஸ்பேனரோடு வாசிப்பவருக்கு எது மூடுவது, எது கட்டியாவது என்று தெரியாது.

சில்லு, வேலையை வரிசையாக எழுதித் தர முடியுமா? சொல் எதைக் குறிக்கிறது என்று எல்லாரும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

சில்லு:

எழுதுகிறேன். முதலில் சுடுநீர்த் தாங்கி (டேங்க்). ஹீட்டரை நிறுத்தி, தண்ணீர் முழுதும் ஆறியபிறகு, பம்பை நிறுத்தி, ஒரு பைப்பைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் அடி அடைப்பைக் கழற்றவேண்டும். அழுத்தத்தோடு கழற்றினால் சுடுநீர் முகத்தில் அடிக்கும். சில தாங்கிகளில் அந்த அடைப்போடு ஒரு நீண்ட கம்பி இருக்கும். தாங்கிக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படுவதற்கென்றே வைத்த கம்பி அது. தேய்ந்து மெலிந்திருந்தால் இப்போதே மாற்றலாம்.

அடுத்து நன்னீர்த் தாங்கி, கழிவுத் தாங்கிகள் இரண்டு, வண்டியடியில் குழாய்கள் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கிற இரு வடிகால்கள். தண்ணீர் வடிகட்டி இருந்தால் அதன் உள்ளீட்டைக் கழற்றி எறியவேண்டும். கொம்பிரசரால் ஊதுபவர்கள் அழுத்தத்தை 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றக்கூடாது. ஏற்றினால் மூட்டு கழலும்.

பிறகு சுடுநீர்த் தாங்கிக்கு மாற்றுவழி வால்வைத் திருப்பவேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். திருப்பாவிட்டால் உறைதடுப்பு நீர்மம் முதலில் அந்தத் தாங்கியை நிரப்பும். சிறிய தாங்கிகூட 23 லீற்றர் குடிக்கும். திருப்பியிருந்தால் 8 முதல் 12 லீற்றரில் வண்டி முழுவதும் முடியும். இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் புரொப்பிலீன் கிளைக்கோல் மட்டும். கார் ரேடியேற்றருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு. குடிநீர்க் குழாயில் அதை விடவே கூடாது. நீர் கலந்து மெல்லிதாக்கவும் கூடாது. பம்பை ஓடவிட்டு, பம்புக்கு அருகில் இருக்கிற பைப்பில் தொடங்கி ஒவ்வொன்றாக, சுடுநீர்ப் பக்கமும் குளிர்நீர்ப் பக்கமும், இளஞ்சிவப்பு வரும்வரை திறந்து மூடவேண்டும். கழிப்பறையும் வெளி ஷவரும் சேர்த்தி. கடைசியாக ஒவ்வொரு கழுவுதொட்டியின் வளைகுழாயிலும் ஒரு கோப்பை ஊற்றவேண்டும்.

புட்டியில் −50 என்று போட்டிருப்பது ஃபாரன்ஹீட். செல்சியஸில் −45 அளவு. அதுவும் குழாய் வெடிக்காமல் தாங்கும் எல்லைதான். நீர்மம் அதற்கு வெகுமுன்பே கூழாகிவிடும், கூழாவதால் கேடில்லை. கூழைப் பார்த்துப் பயந்து வடித்துவிடுபவர்களும் உண்டு. கையேட்டில் ஒரு வரி போடுங்கள்.

குறிஞ்சி:

இதில் ‘காப்பு’ எங்கேயும் இல்லை. எல்லாம் வடிப்பதும் நிரப்புவதும்தான். ‘நீர்வடிப்பு’ என்று நேராகச் சொல்லிவிடலாமே.

பொழில்:

நீர்வடிப்பு ஒரு படி மட்டும். பேட்டரி, எரிவாயு, டயர் எல்லாம் அதில் அடங்குமா? முழுமைக்கு ஒரு பெயர் வேண்டும்.

சில்லு:

அது சரி. பற்றரி முழுதும் சார்ஜ் ஏறி இருக்கவேண்டும். கழற்றும்போது எதிர்முனை முதலில். நிறைந்த ஈய அமிலப் பற்றரி −50 செல்சியஸிலும் உறையாது, வெறுமையாகக் கிடப்பது −7 அளவிலேயே உறைந்து பிளக்கலாம். லித்தியம் வேறு இனம்: 0க்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. புரொப்பேன் வால்வை மூடவேண்டும். மூடிய கட்டடமாக இருந்தால் உருளையைக் கழற்றி வெளியே வைக்கச் சொல்வார்கள். ரயருக்குப் பக்கவாட்டில் எழுதியிருக்கிற உச்ச அழுத்தம்வரை காற்று. எலிக்குப் பயந்து அடியில் குழாய் நுழையும் ஓட்டைகளை எஃகுக் கம்பளியால் அடைக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தே விடவேண்டும், மூடினால் பூஞ்சணம் பிடிக்கும்.

கூரையடியில் நிறுத்தினால் படங்கு தேவையே இல்லை. பக்கம் திறந்த கொட்டகை என்றால் மூச்சு விடும் துணியுறை போடலாம். நீலப் படங்கு ஈரத்தை உள்ளே பூட்டும், காற்றில் அடித்து அடித்துப் பெயின்ற்றை உரிக்கும்.

மருதன்:

‘படங்கு’ என்ற சொல்லை யாழ்ப்பாணம் இன்றும் வைத்திருப்பது மகிழ்ச்சி. இங்கே நாங்கள் தார்ப்பாய்க்குப் போய்விட்டோம்.

முழுமைக்கான பெயருக்கு நெடுநல்வாடையைப் பாருங்கள். நக்கீரர் கூதிர் வந்த ஊரைக் காட்டும்போது கம்மியன் செய்த வட்ட விசிறிகளைச் சுருக்கித் தறியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. தென்றல் வரும் வேனிற்பள்ளியின் சாளரக் கதவுகளைத் தாழிட்டிருக்கிறார்கள். வேனிலுக்குரிய பொருளைக் கூதிரில் ஒதுக்கி வைப்பது; வண்டல் கேட்பது இதையேதான். சுருக்குதல் இன்று வேறு பொருள் கொண்டுவிட்டதால் ‘கூதிரொடுக்கம்’ என்கிறேன்.

கூரையடி நிறுத்தத்துக்கும் ஒரு சொல் உண்டு. பட்டினப்பாலையில் நெல்லேற்றி வந்த படகுகளைப் ‘பணைநிலைப் புரவியின்’ (கொட்டிலில் நிற்கும் குதிரைபோல) கட்டியிருக்கிறார்கள். பணை என்றால் குதிரை கட்டும் கொட்டில். வண்டிக்குப் ‘பணைநிலை’ பொருந்தும்.

பொழில்:

கூதிரொடுக்கத்துக்கு என் முழு ஒப்புதல். பணைநிலைக்கும்.

சில்லு:

மருதன் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். ‘ஒடுக்கம்’ எங்களுக்கு ஒடுக்குமுறையைத்தான் நினைவூட்டும். மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் இந்தக் கையேட்டை எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஈழத்திலிருந்து வந்தவர்கள். அட்டையில் அந்தச் சொல் வேண்டாம்.

மருதன்:

ஏற்கிறேன், அது நான் எண்ணாத பக்கம். அப்படியானால் ‘சேமவைப்பு’. உப்பு வணிகராகிய உமணர் வண்டியின் அடியில் கட்டிய ‘சேம அச்சு’ (மாற்று அச்சு) புறநானூறு 102இல் வருகிறது, ஔவையார் பாட்டு. வண்டியும் சேமமும் சங்க காலத்திலேயே சேர்ந்தவை.

பொழில்:

சேமம் வடசொல். க்ஷேமம்.

மருதன்:

ஏமம் (காவல்) என்பதே சகரம் ஏற்றுச் சேமமானது என்பது என் கருத்து. இறகு–சிறகு, அமை–சமை போல.

பொழில்:

இறகும் சிறகும் இருப்பதால் ஏமம் சேமமாகிவிடாது. ஏமம் தூய சொல்லாக இருக்கும்போது ‘ஏமவைப்பு’ என்றே சொல்லலாமே.

குறிஞ்சி:

ஏமவைப்பு என்றால் ஏமாந்து வைத்தது என்று படிப்பார்கள். நண்பர்களே, இன்று 27ஆம் தேதி. கையேட்டின் வாசகர் நிகண்டு பார்த்துப் படிக்கப்போவதில்லை. ‘குளிர்கால ஆயத்தம்’ என்று அட்டையில் போட்டு, முதல் அதிகாரத்துக்கு ‘நீர்வடிப்பு’ என்று தலைப்பிடலாம். இடத்துக்குக் ‘கூரையடி நிறுத்தம்’. ஏப்ரலில் செய்வதற்கும் இதே வாய்பாட்டில் ‘வேனில் ஆயத்தம்’ கிடைக்கிறது. ஒடுக்கத்துக்கும் சேமவைப்புக்கும் எதிர்ச்சொல்லே அமையவில்லை.

சில்லு:

எனக்குச் சம்மதம். வேனில் ஆயத்தத்தில் இளஞ்சிவப்பு போகும்வரை நல்ல தண்ணீர் ஓட்டுவதையும், பிறகு குளோரின் வெளுப்பானால் தாங்கியைக் கழுவுவதையும் சேர்க்கவேண்டும்: 60 லீற்றருக்கு 60 மில்லிலீற்றர் அளவு.

பொழில்:

ஆயத்தமும் வடசொல். ‘முன்னேற்பாடு’ இருக்கிறது.

வண்டல்:

முன்னேற்பாடு என்று போட்டுப் பார்த்தேன். ‘குளிர்கால முன்னேற்பாடு’ என்றதும் அச்சு வடிவமைப்பவர் எழுத்தைச் சிறிதாக்க வேண்டும் என்கிறார். குறிஞ்சி, சில்லு, தயங்கியபடி மருதன் ஐயா என மூவர் ஆயத்தத்துக்கு இசைந்திருப்பதால் அதையே அனுப்புகிறேன். ‘தாங்கி’, ‘பற்றரி’ இரண்டையும் வாசகரை எண்ணி அப்படியே வைத்திருக்கிறேன். வண்டியை ‘ஆர்.வி.’ என்றே விட்டுவிட்டேன். கூரையடி நிறுத்தம் அதிகாரத்தின் முதல் வரி: ‘கூரை உறைவதைத் தடுக்காது; நீர்வடிப்பு முடியாத வண்டியை உள்ளே விடவேண்டாம்.’ எல்லாருக்கும் நன்றி.

மருதன்:

தயக்கம் உண்மைதான். பணைநிலையை அடிக்குறிப்பிலாவது சேர்த்திருக்கலாம்.

பொழில்:

என் மறுப்பைக் குழுவின் ஆவணத்தில் பதிவு செய்யவும். கூதிர் என்ற சொல்லை விட்டுவிட்டு ஆண்டின் பாதியைக் ‘குளிர்காலம்’ என்று ஒரே சாக்கில் கட்டியிருக்கிறோம். அடுத்த அச்சுக்குமுன் இதை மீண்டும் எடுப்பேன்.

சில்லு:

ஒரு சொல் இன்னும் பாக்கி. வண்டியடியில் தாழ்ந்த இடத்து வடிகால் இரண்டுக்கும் கையேட்டில் என்ன பெயர் போட்டிருக்கிறீர்கள்? நிறையப் பேர் ஒன்றைத் திறந்து மற்றதை விடுவது, அவை சுடுநீருக்கு ஒன்று, குளிர்நீருக்கு ஒன்று என்று தெரியாததால்தான்.