போபண்ணா ஆட்டத்தில் உங்களுக்கு எது பெரிது?

கேள்வி: டென்னிஸ் வீரர் ரோகன் போபண்ணா ஓய்வு பெற்றுவிட்டார். அவர் ஆடியதில் உங்கள் மனதில் நிற்பது எது?

பதில்: எனக்கு 2024 ஆஸ்திரேலிய ஓபன்தான். 43 வயதில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனோடு ஆடவர் இரட்டையர் பட்டம், கையோடு இரட்டையர் உலகத் தரவரிசையில் முதலிடம். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகா செய்து வலியைச் சமாளித்து வந்த மனிதர். இறுதிப் போட்டியின் முதல் செட் டைபிரேக்கில் (செட் 6-6 என்று சமனானால் முடிவு செய்யும் ஆட்டம்) எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை!

பதில்: அதெல்லாம் சரி, 2010 யு.எஸ். ஓபனை விட்டுவிட்டீர்களே. பாகிஸ்தானின் குரேஷியோடு இறுதிவரை வந்தார். அமெரிக்க இரட்டையர் ஜோடியான பிரையன் சகோதரர்களிடம் இரண்டு செட்டும் டைபிரேக்கில்தான் போனது. இன்றும் ஆறவில்லை எனக்கு.

பதில்: 2022 அடிலெய்டு போட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்ம சென்னை ராம்குமார் ராமநாதனுக்கு முதல் ஏடிபி (ஆடவர் தொழில்முறை டென்னிஸ் தொடர்) பட்டம், போபண்ணாவோடு ஆடித்தான் கிடைத்தது.